வஹாக்கா ஹோட்டலுக்கு முதல் தடவை போறீங்களா? மோலேல ஆரம்பிக்காதீங்க

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் புதுசா வந்து இறங்கின நம்ம ஆளுங்களுக்கு மெக்சிகன் சாப்பாடுன்னா பரீட்டோ பவுல் போடுற செயின் கடைதான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, வயிறு நெறையும், வெஜ்ஜும் கிடைக்கும், ஆனா அதை வச்சு மெக்சிகோ சாப்பாடே இவ்ளோதான்னு முடிவு கட்டிடாதீங்க. வடக்கே சொனோராவுல கோதுமை டோர்ட்டியா (தட்டை ரொட்டி), யுகட்டான் பக்கம் அச்சியோத்தே விதையும் புளிப்பு ஆரஞ்சும் தடவி வாழை இலைல கட்டி வேக வச்ச பன்றிக்கறி, வெராக்ரூஸ்ல தக்காளி ஆலிவ் போட்ட மீன், புவேப்லாவுக்கு தனி மோலே (மிளகாயும் மசாலாவும் அரைச்சு வைக்கிற கெட்டிக் குழம்பு), ஹலிஸ்கோவுல பிரியா (பேரை வச்சு பிரியாணின்னு நினைச்சுடாதீங்க, சோறே கிடையாது, ஆட்டுக்கறி சாறு). ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனி அடுப்பு. யுனெஸ்கோ 2010ல மெக்சிகோவோட பாரம்பரிய சமையலை தொட்டுணர முடியாத கலாச்சார மரபு லிஸ்ட்ல சேர்த்துச்சுன்னா சும்மா சேர்க்கல.

இந்தக் கட்டுரை அதுல ஒரே ஒரு மாநிலத்தைப் பத்தி மட்டும்தான், வஹாக்கா. ஸ்பெல்லிங் பார்த்து ஓக்ஸாகான்னு படிச்சுடாதீங்க, வஹாக்கான்னே சொல்லுங்க. மெக்சிகோவுக்கு வெளிய வஹாக்கா மக்கள் பெரிய அளவுல இருக்கிற ஊர் லாஸ் ஏஞ்சலஸ், அதனால இங்க இருக்கிறவங்க ஃப்ளைட் ஏறாமலே நல்ல வஹாக்கா சாப்பாடு சாப்பிடலாம். இதுல நான் சொல்ல வர்றது என்னன்னா, இந்த மாதிரி கடைக்கு ஒரு தடவை போயிட்டு போட்டோ எடுத்துட்டு அடுத்த கடைக்கு ஓடாதீங்க. ஒரே கடைய பிடிங்க, திரும்பத் திரும்பப் போங்க, ஒவ்வொரு தடவையும் மெனுல ஒரு படி மேல ஏறுங்க. எந்த வரிசைல ஏறணும்ங்கிறதைத்தான் கீழ எழுதியிருக்கேன். எல்லாரும் முதல் நாளே கருப்பு மோலே ஆர்டர் பண்ணச் சொல்லுவாங்க. நான் வேண்டாம்னு சொல்லுவேன், ஏன்னு அந்த இடம் வர்றப்போ சொல்றேன்.

கடைய எப்படிக் கண்டுபிடிக்கிறது

கொரியாடவுன், பீக்கோ ரோடு, ஒலிம்பிக் ரோடு, அந்த சுத்துவட்டாரம்தான் முதல்ல தேட வேண்டிய இடம். பேர் தெரிஞ்ச பெரிய இடம் வேணும்னா ஒலிம்பிக் ரோட்ல கெலாகெட்சா இருக்கு, 1994ல வஹாக்காவுல இருந்து வந்த ஒரு குடும்பம் ஆரம்பிச்சது, 2015ல ஜேம்ஸ் பியர்ட் அவார்ட்ல (அமெரிக்க ஹோட்டல் உலகத்தோட பெரிய விருது) அமெரிக்காஸ் க்ளாசிக்ஸ் பிரிவுல பரிசு வாங்கினது. முதல் தடவைக்கு, கூட்டமா ஃபேமிலியோட போறதுக்கு அது சௌகரியம். ஆனா நான் சொல்ற மாதிரி பழக்கமாகணும்னா பத்து டேபிள் இருக்கிற குடும்பக் கடை இன்னும் நல்லது, ரெண்டாவது தடவை போறப்பவே முகம் ஞாபகம் வச்சிருப்பாங்க.

நல்ல கடையான்னு பார்க்கிறதுக்கு சில அடையாளம். மெனுல ட்லாயூடா, மெமெலா, டெடெலா மாதிரி ஐட்டம் இருக்கணும். மோலேன்னு ஒத்தை வார்த்தை மட்டும் போட்டிருந்தா சந்தேகப்படுங்க, நேக்ரோ (கருப்பு), கொலொராதீத்தோ, அமரீயோன்னு பேர் பிரிச்சுப் போட்டிருந்தா நம்பலாம். சீஸை கெஸீயோன்னு சொல்லுவாங்க. கிச்சன் பக்கம் காது கொடுத்தா கையால மாவு தட்டுற சத்தம் கேட்டா இன்னும் நல்லது. மெனுல பரீட்டோவும் இருக்கேன்னு உடனே எழுந்து வந்துடாதீங்க, வாடகை கட்டணுமே, லஞ்ச்சுக்கு ஆபீஸ் ஆளுங்க வந்து அதைத்தான் கேப்பாங்க, அதுக்காகப் போட்டிருப்பாங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி: வெஜ், பீஃப், அலர்ஜி

நம்ம ஆளுங்க இதைத்தான் முதல்ல படிக்கணும். மெக்சிகன் சமையல்ல பன்றிக்கொழுப்பு எங்க எல்லாம் ஒளிஞ்சிருக்கும்னு வெளில இருந்து பார்த்தா தெரியாது. பேரு மந்தேக்கா. பீன்ஸை அதுலதான் தாளிப்பாங்க, தமாலே (இலைல கட்டி ஆவில வேக வைக்கிற சோளக் கொழுக்கட்டை) மாவுல அதைப் போட்டுத்தான் பிசைவாங்க, ட்லாயூடா மேல தடவுற ஆசியெந்தோவும் அதே பன்றிக்கொழுப்புச் சட்டியோட அடில தங்குற வண்டல்தான். சோறு சிவப்பா அழகா இருக்கும், ஆனா பெரும்பாலும் சிக்கன் சாறுல வெந்திருக்கும். மோலேயும் அப்படித்தான், மேல இருக்கிற கோழிய எடுத்துட்டா வெஜ் ஆயிடாது, அரைச்ச விழுதைக் கரைக்கிறதே கோழி சாறுலதான்.

அதனால கேக்கணும். "யேவா மந்தேக்கா?" அப்படின்னா பன்றிக்கொழுப்பு இருக்கா. "யேவா கால்தோ தே போயோ?" கோழி சாறு இருக்கா. "சின் ஆசியெந்தோ, போர் ஃபவோர்" ஆசியெந்தோ வேண்டாம் ப்ளீஸ். இன்னொரு விஷயம், "நோ கோமோ கார்னே", அதாவது கறி சாப்பிட மாட்டேன்னு மட்டும் சொன்னா பல பேர் மாட்டுக்கறி, பன்றிக்கறி மட்டும் வேண்டாம்னு எடுத்துக்குவாங்க, பாசத்தோட சிக்கன் போட்டுக் கொண்டு வந்து வச்சுடுவாங்க. அதனால "நி போயோ, நி பெஸ்காதோ", கோழியும் வேண்டாம் மீனும் வேண்டாம்னு சேர்த்தே சொல்லிடுங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல வெஜ், வீகன் கேக்குற ஆளுங்க ஜாஸ்தி, அதனால எண்ணெய்ல செய்ற கடையும் இருக்கு, கேட்டா முகம் சுளிக்க மாட்டாங்க.

பீஃப் சாப்பிடாதவங்க தசாஹோங்கிற பேரைப் பார்த்தா தாண்டிப் போங்க, அது மெல்லிசா கிழிச்சு உப்புப் போட்டு காயவச்ச மாட்டுக்கறி. செசீனான்னா வஹாக்கா கடைல மிளகாய் விழுது தடவின பன்றிக்கறி. சிச்சீலோங்கிற மோலேயும் பெரும்பாலும் மாட்டுக்கறி சாறுதான்.

கடலை, பாதாம், எள்ளு அலர்ஜி இருக்கிறவங்க மோலேவை விட்டுடுங்க, இதுல பேரமே கிடையாது. எல்லா மோலேலயும் எல்லாம் இருக்காதுதான், ஆனா ஒரே மில்லுல அரைச்சு, ஒரே கரண்டில கிளறியிருப்பாங்க.

முதல் தடவை: மக்காச்சோளம், பீன்ஸ், அவ்ளோதான்

முதல் விசிட்டை ஒரு வார நாள் மதியமா வச்சுக்கோங்க, சனி ஞாயிறு வேண்டாம். கூட்டம் இருக்காது, கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கும். ஒரு மெமெலா, ஒரு டெடெலா, ஒரு தட்டு கருப்பு பீன்ஸ், தனியா கொஞ்சம் டோர்ட்டியா, இவ்ளோ மட்டும் சொல்லுங்க. மெமெலாங்கிறது கொஞ்சம் தடிமனான சோள அடை, ஓரத்தைக் கிள்ளி விட்டு மேல பீன்ஸ் விழுது, சீஸ் தூவித் தருவாங்க. டெடெலா அதே மாவை முக்கோணமா மடிச்சு உள்ள பீன்ஸ் வச்சு கோமால்ங்கிற கல்லுல போட்டு எடுக்கிறது. பில்லும் கம்மியாத்தான் வரும்.

ஏன் இதுல ஆரம்பிக்கணும்னா, இந்த மாவு நல்லா இல்லன்னா அந்தக் கடைல வேற எதுவுமே நல்லா இருக்காது. மசான்னு சொல்லுவாங்க (மசாலா இல்ல). காஞ்ச சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சு, ராத்திரி பூரா ஊற விட்டு, தோலைக் கழுவி எடுத்துட்டு அரைக்கிறது, இதுக்குப் பேரு நிக்ஸ்டமல். சும்மா சோளத்தை அரைச்சா மாவு ஒட்டாது, உதிர்ந்து போகும், சுண்ணாம்புல வெந்தாத்தான் பிசையிற பதம் வரும். அது மட்டும் இல்ல, சோளத்துல பூட்டி வச்சிருக்கிற நியாசின் சத்தும் அப்பதான் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பாக்காரங்க சோளத்தை மட்டும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க, சுண்ணாம்பு விஷயத்தை விட்டுட்டாங்க, அதனால வெறும் சோளத்தையே தின்ன ஏழை ஜனங்களுக்கு இத்தாலிலயும் பின்னால அமெரிக்கத் தெற்குலயும் பெல்லாக்ரா நோய் வந்து செத்தாங்க. வஹாக்காவுல மித்லா ஊர் பக்கத்துல கிலா நக்கிட்ஸ்னு ஒரு குகை இருக்கு, அங்க கிடைச்ச சோளக்கதிருக்கு வயசு 6,000 வருஷத்துக்கு மேல. அவ்ளோ நாள் பழகின கை அது.

நல்ல டோர்ட்டியாவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சூடா இருக்கிறப்போ சுருட்டிப் பாருங்க, உடையக்கூடாது. வாசனை பிடிச்சுப் பாருங்க, வெந்த சோளத்தோட சேர்ந்து லேசா சுண்ணாம்பு வாடை வரும். பாக்கெட் மாவுல செஞ்சதா இருந்தா வாசனை தட்டையா இருக்கும், ஆறினா அட்டை.

பீன்ஸ்ல சோம்பு மாதிரி ஒரு வாசனை வருதா? அது அவகாடோ மரத்து இலை, வறுத்துப் போடுவாங்க. வஹாக்கா சமையல்ல இது சாதாரணமா இருக்கும், மத்த ஊர் கடைல அவ்ளோவா பார்க்க முடியாது. எனக்கு ஒரு கடை பிடிக்குமா பிடிக்காதாங்கிறது பாதி இந்த பீன்ஸ்லயே முடிவாயிடும்.

சல்சா விஷயம். டேபிள்ல ரெண்டு மூணு கிண்ணம் வரும். நாங்க ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுவோம்னு சொல்லிக்கிட்டு ஸ்பூன் நெறைய அள்ளாதீங்க, முதல்ல ஒரு சொட்டு. புகை போட்டுக் காயவச்ச பசீயா மிளகாய்ல செஞ்ச சல்சா ஒண்ணு இருக்கும், காரத்தை விட புகை வாசனைதான் முன்னாடி நிக்கும். அந்த மிளகாய் மிஹே மக்கள் வாழுற மலைப்பக்கம் விளையிறது. மிளகாயே மெக்சிகோல இருந்துதான் போர்ச்சுகீசியர் மூலமா நம்ம பக்கம் வந்துச்சு, அதனால காரத்துல அவங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க.

குடிக்க ஹமைக்கா வாங்குங்க. சிவப்பா, புளிப்பா இருக்கும், நம்ம புளிச்சகீரை குடும்பத்துச் செடியோட பூவுக்கு அடில இருக்கிற சிவப்பு புல்லி இதழைக் காயவச்சு ஊற வச்ச தண்ணி. இனிப்பு பிடிக்கும்னா ஓர்சாட்டா, அரிசிப் பால், வஹாக்கா ஸ்டைல்ல மேல சிவப்பு சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறும் நட்ஸும் போட்டுத் தருவாங்க.

ரெண்டாவது தடவை: ட்லாயூடா

இதுக்கு ஆள் கூட்டிக்கிட்டுப் போங்க, தனியா போனா முடிக்க முடியாது. பெரிய தட்டு சைஸ்ல ஒரு டோர்ட்டியா, மத்த டோர்ட்டியா மாதிரி மெத்துன்னு இருக்காது, கல்லுல ரொம்ப நேரம் காய விட்டு பாதி மொறுமொறுப்பா, பாதி தோல் மாதிரி இழுக்கும். மேல ஆசியெந்தோ (வேணும்னா), பீன்ஸ் விழுது, முட்டைக்கோஸ், கெஸீயோ, அவகாடோ, தக்காளி, அப்புறம் தசாஹோவோ செசீனாவோ சோரீசோவோ (மசாலா போட்ட பன்றிக்கறி சாசேஜ்). கடைக்குக் கடை திறந்தபடியும் வரும், மடிச்சு கரில சுட்டும் வரும், வஹாக்கா தெருவுல ராத்திரி கடைல மடிச்சுத்தான் சுடுவாங்க. ரெண்டும் இருந்தா மடிச்சது கேளுங்க, கரி வாசனை ஏறியிருக்கும்.

வெஜ் ஆளுங்களுக்கு ஆசியெந்தோ இல்லாம, கறிக்குப் பதிலா நொப்பால் கேளுங்க, அது சப்பாத்திக்கள்ளி மட்டை, முள்ளை சீவிட்டு சுட்டது, லேசா வெண்டைக்காய் வழவழப்பு இருக்கும். பூசணிப்பூ கிடைக்கிற சீசன்ல பூசணிப்பூ. கெஸீயோ கயிறு மாதிரி பிரிஞ்சு வர்ற சீஸ், நூல்கண்டு மாதிரி உருட்டி வச்சிருப்பாங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட் வெஜ்னா இதுவும் உறை ஊத்துறதுல விலங்கு ரென்னட் இருக்கலாம், பார்த்துக்கோங்க.

கத்தி ஃபோர்க் எல்லாம் வேண்டாம், கைதான். உடைச்சு உடைச்சு சாப்பிடுங்க. யாரும் பார்க்க மாட்டாங்க, எல்லாரும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. பார்சல் மட்டும் கட்டாதீங்க, வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஆவில நனைஞ்சு போயிடும்.

மூணாவது தடவைல இருந்து: மோலே, ஆனா வரிசையா

இப்பதான் மோலே. முதல் நாளே கருப்பு மோலே சாப்பிட்ட பல பேர் என்கிட்ட சொன்ன ஒரே கமெண்ட், "இனிப்பா இருக்கு, சாக்லேட் குழம்பு மாதிரி". அவங்க தப்பு இல்ல. நாக்குக்கு எந்த முன்னுரையும் இல்லாம அதைக் கொடுத்தா முதல்ல இனிப்புதான் தெரியும், அதுக்கு அடில இருக்கிற கருகல், கசப்பு, மசாலா எதுவும் தெரியாது. அதனாலதான் கடைசிக்குத் தள்ளச் சொல்றேன்.

வஹாக்காவை ஏழு மோலே நாடுன்னு சொல்லுவாங்க: நேக்ரோ, ரோஹோ, கொலொராதீத்தோ, அமரீயோ, வெர்தே (பச்சை), சிச்சீலோ, மஞ்ச்சமந்தேலெஸ். ஏழுங்கிறது சும்மா பேச்சுக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஊர் வேற வேற இருக்கு. கடைல ஏழும் கிடைக்காது, மூணு நாலு இருந்தா போதும்.

முதல்ல அமரீயோ. பேருக்கு மஞ்சள், நிறம் என்னவோ ஆரஞ்சு. இதுல சாக்லேட் கிடையாது, இனிப்பு கிடையாது, சோள மாவு கரைச்சு கெட்டியாக்குவாங்க, ஓஹா சாண்டாங்கிற பெரிய இலை போட்டிருப்பாங்க. அந்த இலை மிளகு, வெத்தலை இதுங்களோட அதே பேரினம். யோசிச்சுப் பாருங்க, வெத்தலைக்குச் சொந்தக்கார இலையும் சுண்ணாம்பும் இவங்களுக்குச் சாப்பாட்டுலயே உள்ள போயிடுது, நாமதான் சாப்பிட்டு முடிச்சு தனியா போடுறோம். குட்டிக் குட்டி மாவு உருண்டை நடுவுல விரலால குழி அமுக்கிப் போட்டிருந்தா விடாதீங்க, சொச்சோயோத்தேன்னு பேரு, அந்தக் குழில சாறு தங்கும். சாம்பார் ரசம்னு பழகின நாக்குக்கு இதுதான் லேசா ஏறும்.

அடுத்து கொலொராதீத்தோ. செங்கல் சிவப்பு, காஞ்ச மிளகாய், தக்காளி, எள்ளு, பாதாம், பட்டை, கொஞ்சம் சாக்லேட். இனிப்பு இருக்கும் ஆனா மிதமா. இதை என்மொலாதாஸா வாங்கலாம், டோர்ட்டியாவை மோலேல முக்கி மடிச்சு உள்ள சீஸோ கோழியோ வச்சுத் தர்றது. கோழி சாறு இல்லன்னு உறுதியாச்சுன்னா வெஜ் ஆளுங்களுக்கு மோலே சாப்பிட இதை விட நல்ல வழி கிடையாது.

பச்சை மோலே கிடைச்சா நடுவுல ஒரு தடவை, அது வெறும் இலை தழை, சீக்கிரம் வச்சு சீக்கிரம் சாப்பிடணும், வச்சிருந்தா நிறம் போயிடும்.

அப்புறம்தான் நேக்ரோ. சில்வாக்லே நேக்ரோன்னு ஒரு மிளகாய், வஹாக்காவுல கன்யாதாங்கிற பகுதில மட்டும் கொஞ்சமா விளையும், அதனால விலை கண்டபடி இருக்கும், நல்ல கடை அதையும் வரவழைக்கும், இல்லாதவங்க வேற கருப்பு மிளகாயை வச்சு சமாளிப்பாங்க. மிளகாய வறுப்பாங்க, விதைய தனியா எடுத்து கருக்கியே விடுவாங்க, டோர்ட்டியாவையும் கருக்குவாங்க. கருகினா தூக்கிப் போடணும்னு வளர்ந்த நமக்கு இது ஷாக்தான். அந்தக் கரியக் கழுவி ஊறவச்சு, எள்ளு, கடலை, பாதாம், திராட்சை, பழுத்த ஏத்தங்காய், பட்டை, கிராம்பு, மிளகு, பொசுக்கின தக்காளி வெங்காயம் பூண்டு, எல்லாம் தனித்தனியா வறுத்து அரைச்சு, கொழுப்புல மணிக்கணக்கா கிளறி, கடைசில சாக்லேட். சாக்லேட் அதுல இருபது இருபத்தஞ்சு சாமான்ல ஒண்ணு, அவ்ளோதான். ஊர்ல இதை மெத்தாத்தேங்கிற கல்லுல மண்டி போட்டு அரைப்பாங்க, குழவியும் உண்டு, நம்ம அம்மிக்கு மூணு கால் வச்சா அதேதான். இப்ப பெரிய அளவுக்கு மில்லுலதான் அரைக்கிறாங்க.

அமரீயோவும் கொலொராதீத்தோவும் சாப்பிட்டுப் பழகின நாக்கோட இதை வாயில வச்சா அந்தக் கருகல் முதல்ல பிடிபடும், அப்புறம் கிராம்பு, அப்புறம்தான் இனிப்பு. கோழித்துண்டு பெருசா இருக்கேன்னு பார்க்காதீங்க, கோழி சும்மா ஒரு சாக்குதான், பிளேட்ல மெயின் ஐட்டம் அந்த மோலே. நம்ம பழக்கத்துல சோத்துல ஊத்திப் பிசைஞ்சுடத் தோணும். பிசையாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா முதல்ல டோர்ட்டியால துடைச்சு நாலு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துக்குப் போங்க.

ஒரு வார்த்தை, மோலே நெறைய சாப்பிட்டா மந்தமாயிடும். மதியம் சாப்பிடுங்க, ராத்திரி வேண்டாம். வஹாக்காவுலயே பெரிய சாப்பாடு மதியம் ரெண்டு மணிக்கு மேலதான்.

வீக்எண்ட் விசிட்

கடைக்காரங்க முகம் பழகினதும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போங்க, பத்து மணிக்குள்ள. வார நாள் மெனுல இல்லாத ஐட்டம் எல்லாம் அன்னிக்குத்தான் வரும், பாதி மெனுலயே எழுதியிருக்க மாட்டாங்க, கேக்கணும். ஆட்டுக்கறி பர்பக்கோவா, குழில அவகாடோ இலை போட்டு மூடி வேக வச்சது, கூட ஒரு கிண்ணம் சாறு. வஹாக்கா தமாலே வாழை இலைல கட்டி வரும், உள்ள கருப்பு மோலேயும் கோழியும். மத்த பல ஊர் தமாலே சோளத்தோகைல வரும், இலையப் பிரிக்கிறப்பவே வித்தியாசம் தெரியும், அந்த வாழை இலை வாசனைய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

தெஹாத்தே கிடைச்சா அதிர்ஷ்டம். சோளம், ககாவோ (சாக்லேட் செய்ற கொட்டை), மாமே பழக்கொட்டை, ரோசிட்டா தே ககாவோன்னு ஒரு மரத்துப் பூ, இதெல்லாம் அரைச்சு கையாலயே தண்ணில கரைச்சு கரைச்சு மேல வெள்ளையா நுரை கட்ட வைப்பாங்க. வஹாக்கா நகரம் பக்கத்துல சான் ஆந்த்ரேஸ் வயாப்பம் ஊர் இதுக்குப் பேர் போனது. முதல் வாய் ஒரு மாதிரி இருக்கும், சக்கரை கம்மி, குளிர்ச்சியா மாவு மாவா. வெயில் நாள்ல ரெண்டாவது கப் கேப்பீங்க.

அது இல்லன்னா சூடான சாக்லேட், தண்ணில போட்டதா பால்ல போட்டதான்னு கேப்பாங்க, தண்ணின்னு சொல்லுங்க. பட்டை வாசனையோட மேல நுரை தள்ளி வரும், கூட முட்டை மஞ்சக்கரு போட்ட பன், அதைப் பிச்சு முக்கி சாப்பிடணும். இந்தக் காம்பினேஷனுக்காக மட்டுமே போகலாம்.

சாப்புலீனெஸ், அதாவது வறுத்த வெட்டுக்கிளி, பூண்டு எலுமிச்சை உப்பு போட்டது. தைரியம் இருந்தா ட்லாயூடா மேல கொஞ்சம் தூவச் சொல்லுங்க, புளிப்பா மொறுமொறுன்னு இருக்கும். கூட வந்தவங்களை வீடியோ எடுத்துக்கிட்டு "ஐயோ பூச்சி"ன்னு கத்தாதீங்க, பக்கத்து டேபிள்ல ஒரு பாட்டி பேரனுக்கு ஊட்டிக்கிட்டு இருப்பாங்க.

மெஸ்கால் (கத்தாழைல வடிக்கிற சாராயம்) குடிக்கிறவங்களுக்கு மட்டும்: ஷாட் அடிக்காதீங்க, உறிஞ்சுங்க. எஸ்பதீன்ங்கிற கத்தாழை வகைல செஞ்சதுல ஆரம்பிங்க, விலையும் நியாயம். கூட ஆரஞ்சு துண்டும் சிவப்பு உப்பும் வரும், அந்த உப்புல கத்தாழைப் புழு அரைச்சிருக்கும், வெஜ் ஆளுங்க தொடாதீங்க. வண்டிய வேற யாராவது ஓட்டட்டும்.

பழக்கவழக்கம்

உள்ள போனதும் வணக்கம் சொல்லுங்க, மதியம்னா "புவேனாஸ் தார்தெஸ்". சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற டேபிளைத் தாண்டிப் போறப்போ "ப்ரொவேச்சோ"ன்னு சொல்லிட்டுப் போவாங்க, நல்லா சாப்பிடுங்கன்னு அர்த்தம், நீங்களும் சொல்லிப் பாருங்க, முகம் மலரும். பில் அவங்களா கொண்டு வரலன்னா மறந்துட்டாங்கன்னு இல்ல, நீங்க உக்காந்திருக்கிறப்பவே பில்லை வச்சா எழுந்து போன்னு சொல்ற மாதிரி ஆயிடும்னு நினைப்பாங்க, "லா குவெந்தா, போர் ஃபவோர்"னு கேளுங்க. டிப் 18ல இருந்து 20 சதவீதம், சின்னக் கடைன்னா கேஷா கொடுத்தா சந்தோஷப்படுவாங்க. கிச்சன்ல இருக்கிற அக்காமாருங்க பல பேருக்கு ஸ்பானிஷே ரெண்டாவது மொழி, வீட்டுல சபோடெக்கோ மிஷ்டெக்கோ பேசுறவங்க, அதனால உங்க ஸ்பானிஷ் உடைஞ்சு உடைஞ்சு வந்தாலும் யாரும் சிரிக்கப் போறதில்ல.

ரொம்ப நாள் கழிச்சு திரும்பப் போறப்போ

வேற ஊருக்கு மாறிப் போயிட்டு வந்து பழைய கடைக்குப் போறீங்கன்னு வைங்க. விலை ஏறியிருக்கும், மெனு சுருங்கியிருக்கும், சில சமயம் ஓனரோட பொண்ணோ பையனோ கல்லால உக்காந்திருப்பாங்க. உடனே பழைய ஃபேவரிட்டை ஆர்டர் பண்ணாதீங்க. முதல் நாள் பண்ணின மாதிரியே தனி டோர்ட்டியா, பீன்ஸ், சல்சா, இது மூணும் சொல்லுங்க. டோர்ட்டியா உடையாம சுருளுதா, பீன்ஸ்ல அந்த இலை வாசனை இருக்கா, சல்சா அன்னிக்கு அரைச்சதா. மூணும் சரியா இருந்தா சமையல்காரர் மாறினாலும் கடை மாறல, தைரியமா மோலேக்குப் போங்க. டோர்ட்டியா பாக்கெட் மாவுக்கு மாறியிருந்தா, நாசூக்கா ஒரு ஹமைக்காவைக் குடிச்சிட்டு வேற கடை தேட ஆரம்பிங்க. எனக்குப் பிடிச்ச ஒரு கடை இப்படித்தான் போச்சு, அலங்காரம் எல்லாம் பிரமாதமா மாத்தினாங்க, கோமாலை எடுத்துட்டாங்க.

நவம்பர் 1, 2 தேதி இறந்தவங்களை நினைக்கிற நாள், அந்த வாரம் கருப்பு மோலேவும் தமாலேயும் குண்டானுக்கு மேல குண்டானா போகும், முன்னாடியே சொல்லி வச்சா உங்களுக்கும் எடுத்து வைப்பாங்க. ஜூலை கடைசில வஹாக்கா நகரத்துல கெலாகெட்சா திருவிழா, குடும்பமே ஊருக்குப் போயிருந்தா கடை பூட்டியிருக்கலாம், போன் பண்ணிட்டுக் கிளம்புங்க.

வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்கு

கல்லாக்கிட்ட மோலே விழுது பவுண்ட் கணக்குல விப்பாங்க, கெட்டியா, எண்ணெய் மினுமினுன்னு. இது பார்சல் மோலேவை விட எவ்வளவோ மேல். முதல்ல அரை பவுண்ட் போதும். சட்டில ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, விழுதைப் போட்டு சின்னத் தீல வதக்குங்க, அடி பிடிக்கும், கிட்டயே நில்லுங்க. அரைச்ச தக்காளி கொஞ்சம் சேர்த்து பச்சை வாசனை போனதும் சூடான சாறை (வெஜ்னா காய்கறி வேக வச்ச தண்ணி) கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கரைங்க, ஒரேடியா ஊத்தினா கட்டி தட்டும். கரண்டிய தூக்கினா பின்பக்கம் போர்வை மாதிரி ஒட்டி நிக்கணும், அதுதான் பதம். உப்பு கடைசில, விழுதுலயே ஏற்கனவே கொஞ்சம் இருக்கும். வெஜ்ஜுக்கு சுட்ட பூசணி, உருளைக்கிழங்கு, காளான் நல்லா சேரும், பனீர் போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒத்து வரல. மிச்ச விழுது ஃப்ரீசர்ல மாசக்கணக்கா இருக்கும், ஆனா டப்பா மேல எந்த மோலேன்னு எழுதி ஒட்டிடுங்க, உறைஞ்சதுக்கு அப்புறம் நேக்ரோவும் சிச்சீலோவும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும்.